மஞ்சள் போடாத கோழி

சமையலில் எனக்கு வராதது என்று ஒன்று இருந்தால், அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைப்பவள் நான். இதைத் தலைக்கனம் என்பார் என் கணவர். சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார். பினாங்கில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனை வருடக்கணக்கில் நடத்தியவள். ஓர் அடுப்பில் நாசி லெமாக், அடுத்ததில் மீ கோரேங், மூன்றாவதில் தோசைக்கல். மூன்றையும் பார்த்துக்கொண்டே வரிசையில் இடிக்கிற பிள்ளையை அதட்டவும் செய்வேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கோழி தண்ணி காட்டியது.

சும்மா கோழி இல்லை, சீனர்கள் செய்கிற இனிப்புக் கோழி. சின்னத் துண்டுகளாக வெட்டி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து, சீனி, வினிகர், சாஸ் எல்லாம் கொதித்துப் பளபளக்கிற பாகில் போட்டு எடுப்பது. அதை நான் செய்ய வேண்டி வந்தது என் சம்பந்தியம்மாவுக்காக.

என் மகன் கட்டியிருப்பது சீனப் பெண். இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் முடித்து, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும். அவளுடைய அம்மாவுக்குக் கணவர் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். மகன் ஒருவன், சிங்கப்பூரில் வேலை.

சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. பெருநாளுக்கு வருவார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் வருவார். சிரித்த முகமாக உட்காருவார். ஆனால் சாப்பிட மாட்டார். பிரியாணியை எடுத்துக்கொண்டு போய் நின்றால், வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கென்யாங், காக், கென்யாங்" என்பார். வயிறு நிறைந்திருக்கிறதாம். எந்த நேரத்தில் வந்தாலும் அவருக்கு வயிறு நிறைந்தே இருக்கும். பால் விடாத தே ஓ ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் என்னைக் 'காக்' என்பார், நான் அவரை 'அக்கா' என்பேன். மலாய்க்காரர்கள் அக்காவைக் காக் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக, இரண்டு பேரும் அடுத்தவரையே மூத்தவராக்கிவிட்டோம். வயதை இன்று வரை இருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எங்கள் பேச்செல்லாம் சந்தையில் பேசுகிற பசார் மலாயில்தான். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களிடம் சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போனால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. இந்த உறவு எனக்குச் சம்மதமில்லை என்பது. மகள் மதம் மாறிப்போன கோபத்தை அந்த அம்மா இப்படிக் காட்டுகிறார் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கும் மூக்கின் மேல் கோபம் வரும். ஆனால் அவர் போன பிறகு ஆறிப்போன பிரியாணியை மூடி வைக்கும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருக்கும். ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்பிட்டால்தான் என்ன?

இப்படியிருக்கும்போது சீனப் புத்தாண்டு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கட்டிக்கொடுத்த மகள் அன்றைக்குப் புருஷன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், மறுநாள் கழித்துத்தான் தாய்வீடு போகலாம் என்பதும் அவர்கள் வழக்கம்தான். சிங்கப்பூர் மகனுக்கு இந்த முறை லீவு கிடைக்கவில்லை. மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா தனியா சாப்பிடுவாங்க மாமி. அன்னைக்கி யாரும் தனியா சாப்பிடக் கூடாது."

"இங்க வரச் சொல்லு."

"வருவாங்க. ஆனா சாப்பிட மாட்டாங்க, உங்களுக்குத்தான் தெரியுமே."

"உங்க அம்மா வீட்ல விசேஷத்துக்கு என்ன செய்வாங்க?"

"சுவீட் சிக்கன். மாவுல பொரிச்சி, சாஸ்ல போட்டு…"

"அவ்வளவுதானா? அத நான் செய்யிறேன்லா. எப்படிச் சாப்பிடாமப் போறாங்கன்னு பாக்குறேன்."

சொன்ன சொல்லில் பாதி பாசம், பாதி பந்தயம்.

மருமகளுக்கு அடுப்பு பற்றவைப்பதோடு சமையல் முடிந்துவிடும். செய்யத் தெரியாது, ஆனால் ருசி நாக்கில் இருந்தது. அது போதும் எனக்கு. நான் செய்வது, அவள் ருசி பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் தடவை பசாரில் நல்ல கோழியாகப் பார்த்து வாங்கி வந்தேன். சோளமாவு, முட்டை, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். மசாலாப் பக்கம் கையே போகவில்லை. இஞ்சி பூண்டு விழுதைக்கூடத் தொடவில்லை. என்னைப் பொறுத்தவரை அது ஒரு நோன்பு. பாகுக்குத் தக்காளி சாஸ், பிளம் சாஸ், வினிகர், சீனி. கடைசியில் வெங்காயமும் அன்னாசியும். பார்க்கவே கடை மாதிரி இருந்தது.

மருமகள் ஒரு துண்டை மென்றாள். இன்னொரு துண்டை மென்றாள்.

"நல்லா இருக்கு மாமி."

இந்த 'நல்லா இருக்கு'வை நான் அறிவேன். கேண்டீனில் ஆசிரியர்கள் சொல்வது. "ஆனா?" என்றேன்.

"ஆனா… என்னமோ ஒண்ணு இருக்கு. கறி மாதிரி ஒரு வாசம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு சிட்டிகை மசாலா போடாத சட்டியில் கறி வாசம் எங்கிருந்து வரும்? வினிகர் சரியில்லை என்று வேறு வினிகர் வாங்கினேன். அடுத்த வாரம் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே வாசம் என்றாள். எண்ணெயைச் சந்தேகித்தேன். சட்டியைச் சந்தேகித்தேன், அதில் எத்தனை பெருநாளின் கறி வெந்திருக்கிறது! புதுச் சட்டி, புது எண்ணெய். அப்படியும் தலையை ஆட்டினாள். இந்தப் பெண் வேண்டுமென்றே சொல்கிறாளோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். சரிவராத கோழியையெல்லாம் என் கணவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். பிறை என்கிற ஊரில் ஃபேக்டரி வேலையை விட்டு ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குச் சோதனைக் கோழி தின்பதே வேலையாகிவிட்டது.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே. நம்ம கோழி மாதிரிதானே இருக்கு" என்றார்.

அதுதான் கோளாறே.

விசேஷத்துக்குச் சில நாள் இருக்கும்போது, மருமகள் தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தாள். நான் தொட்டியருகே நின்று வெட்டின கோழியை அலசிக்கொண்டிருந்தேன். என் கையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மாமி, என்ன போடுறீங்க?"

"எங்க போடுறேன்? இன்னும் கழுவிட்டுத்தான் இருக்கேன்."

"கை மஞ்சளா இருக்கே."

"மஞ்சள் போட்டுத்தான் கழுவுறேன். மஞ்சள் போடாம யாராவது கோழி கழுவுவாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு வழி? என்னென்ன போட்டேன் என்று அவளிடம் அத்தனை தடவை ஒப்பித்தேன், மஞ்சளை ஒரு தடவையும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. மஞ்சள் எனக்குச் சமையலில் சேர்த்தியே இல்லை. குழாய்த் தண்ணீரைக் கணக்கில் சேர்ப்போமா? அந்த மாதிரி.

கண்டுபிடித்தாகிவிட்டது, விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மஞ்சள் போடாமல் அலசிய கோழியைப் பார்த்தால் எனக்கு அது கழுவின கோழியாகவே தெரியவில்லை. வெளுப்பாக, வழுவழுவென்று, கவிச்சியோடு கிடந்தது. சம்பந்தி முதன்முதலாகக் கை நனைக்கப்போகிற சாப்பாட்டில் இப்படிச் சுத்தமில்லாததை வைப்பதா? கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போயிற்று. மருமகள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துவிட்டாள். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். கொஞ்சம் இஞ்சிச் சாறும் விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொரித்தேன்.

அன்றைக்கு அவள் ஒரு துண்டைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதும்.

அந்தச் சாயங்காலம் வந்தது. மேசையில் நடுநாயகமாக என் கோழி. பக்கத்தில் காய்கறிப் பிரட்டல், டவுபூ என்கிற சோயாக் கட்டி, வெள்ளைச் சோறு. மகன் போய்ச் சம்பந்தியம்மாவைக் காரில் கூட்டி வந்தான். சிவப்புச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை. இன்னொரு கையில் அடுக்குக் கேரியர்.

கேரியரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் குப்பென்று ஏறியது. இதுவரை சாப்பிடாமல் போனார், இன்றைக்குத் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்! என் மேசைக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? மருமகளின் முகமும் விழுந்துவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா கேரியரை மேசையில் வைத்துத் திறந்தார். அது அவருக்கு முன்னால் இல்லை, எனக்கு முன்னால்.

"காக், இது புதுக் கேரியர். சட்டியும் புதுசு, கத்தியும் புதுசு. கோழி பசார்ல மலாய்க்காரர் கடையில வாங்கினேன். ஒயின் ஊத்தல. சாஸ் பாட்டில்ல ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்கினேன்." மூச்சு விடாமல் சொன்னார். பிறகு கொஞ்சம் பெருமையாகச் சேர்த்தார்: "மஞ்சள் போட்டுத்தான் கழுவினேன். என் மகள் போன்ல சொன்னா, மஞ்சள் போட்டுக் கழுவலைன்னா உங்களுக்கு ஆகாதாமே. ஹலால்."

கேரியரில் இருந்தது இனிப்புக் கோழி. மஞ்சளாக.

மருமகள் வாயைத் திறந்தாள். விளக்கம் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. மேசைக்கு அடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன்.

சம்பந்தியம்மா தன் தட்டைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காக் முதல்ல சாப்பிடுங்க" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க என் வீட்டுக்கு வந்தா நான் பாக்கெட் தண்ணிதான் குடுக்க முடியுது. என் சட்டியில உங்களுக்கு ஆக்கிப் போட முடியாது. போட முடியாதவ வந்து உங்க வீட்ல வயிறு முட்டச் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவர் என் வீட்டில் கை நனைக்கவில்லை என்றே இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் நாங்கள் கை நனைத்ததில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஜெலுத்தோங் பிளாட்டுக்குப் போவோம், பாக்கெட்டில் இருக்கிற பூத்தேநீரை உறிஞ்சுவோம், பழத்தை உரித்துத் தின்போம், வந்துவிடுவோம். அங்கே சாப்பிட முடியாது என்பது எங்களுக்கு இயல்பான விஷயம். சமைத்துப் போட ஆசைப்பட்ட அவருக்கு அது அப்படி இருந்திருக்குமா?

பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அந்த ருசி எனக்கு நன்றாகத் தெரிந்த ருசி. மருமகள் கறி வாசம் என்று ஒதுக்கிய என் முதல் சட்டிக் கோழி எப்படி இருந்ததோ, அச்சு அசல் அதேதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சாப்பிடும்போது இரண்டுமே ஆகாது என்பதால் விழுங்கிவிட்டேன்.

"இன்னொண்ணு வைங்க அக்கா" என்று தட்டை நீட்டினேன்.

வைத்தார். என் கணவருக்கு வைத்தார், மகனுக்கு வைத்தார். எல்லோரும் மெல்வதைப் பார்த்த பிறகுதான் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் செய்த கோழியை அள்ளி வைத்தேன். ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சளே இல்லாமல் வெளுத்திருந்தது. அவர் நெற்றி சுருங்கியது.

"காக்," என்றார் தயக்கமாக, "இதக் கழுவலையா?"

"கழுவினேன் அக்கா" என்றேன்.

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.