ஒட்டுக்குக் கீழே துளிர்த்த கொடி

திராட்சைக் கன்றை விற்பது ஒரு நாள் வேலை. அது காய்க்கும்வரை பதில் சொல்வது வருடக்கணக்கில் வேலை. செடி விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓரிக்கையில் நர்சரி வைத்திருக்கும் என்னை ஒரே ஒரு கன்று படுத்திய பாடு இது.

விளங்கிவிட்டது

மெத்தைக் கடை கபீர் பாய் வீட்டுத் தெருவில் கோடை வந்தால் போர்க் கிணறு வற்றிவிடும். அதனால் ஒட்டுக் கன்று கொடுத்தேன். "கீழே இருக்கிறது காட்டுத் திராட்சை வேர் பாய், வறட்சி தாங்கும். மேலே ஒட்டினது பன்னீர் திராட்சை. பழம் அதுலதான். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் கிள்ளிடுங்க" என்றேன். பாய் பலமாகத் தலையாட்டினார்.

"மாமனார் வூட்ல தங்கிக்கினு இருக்கிற மாப்ள மாதிரி. புரிஞ்சிடுச்சிமா!"

ஜோரான வளர்த்தி

மறு வருடம், கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தும் ஒரு பூகூட இல்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இலையே வேறு மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால், ஒட்டின பன்னீர்க் கொடியைக் காணோம். கீழே துளிர்த்த காட்டுக் கொடிதான் மேலே ஏறியிருந்தது. "ஒட்டினது எங்கே பாய்?" என்றேன்.

"இதுதாம்மா ஜோரா வளந்துச்சி. அது சும்மா நின்னுக்கினு இருந்துச்சி, வெட்டிட்டேன்."

அடுத்த வீட்டுக் கொடி

அந்தக் கோடை பொல்லாதது. பாய்க்கு அடுத்த வீடு தையல்காரி ரோசியுடையது. அவள் குச்சி நட்டு வளர்த்த பன்னீர்க் கொடி வருடா வருடம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அதற்கு ஒட்டு வேர் கிடையாது. போர் வற்றியதும் இலை கருகி, பிஞ்சு உதிர்ந்தது. அரிசி கழுவின தண்ணீரையெல்லாம் ஊற்றிப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பாயின் கொடி பச்சைப் பசேலென்று நின்றது. என்னைப் பார்த்ததும் ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காய்க்காத கொடிக்கு இன்னா திமிரு பாத்தியாக்கா!"

மதில் தாண்டி

ஆவணியில் நாலு மழை பெய்தது. ரோசியின் கொடியில் உயிர் மிச்சமிருந்த குச்சிகளை வெட்டி, பாயின் காட்டுத் தண்டைக் குட்டையாக நறுக்கி, அதில் ஒட்டுக் கட்டினேன். இரண்டு வீட்டாரும் தினமும் வந்து எட்டிப் பார்த்தார்கள். ரோசியின் பழைய கொடி பட்டுப்போனது; ஒட்டின குச்சி துளிர்த்தது.

அந்த வேருக்கு வேகம் அதிகம். விட்டால் இலையாகவே தள்ளும். கவாத்து செய்யப் போனபோது பாய் கத்தியைப் பிடித்துக்கொண்டார். "பச்சையா கீறத வெட்டச் சொல்றியே!" ரோசிதான் அவரை உள்ளே அனுப்பினாள். வெட்டின இடத்தில் வந்த புதுத் துளிரில் கொத்து தொங்கியது. அடுத்த கோடையிலும் போர் வற்றியது. கொடி அசரவில்லை.

முதல் கொத்தைப் பறித்ததும் ரோசி, "வேர்தான் உங்களுது, பழம் எங்களுது பாய்!" என்றாள். பாய் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை மதில் மேல் வைத்தார்.

"பழம் உன்னுதுதாம்மா. எங்க வாசல்ல கொட்ற எலை யாருது?"

தண்ணீர் இல்லாத கோடையைத் தாங்கும் வேர் என்னிடம் இருக்கிறது. வாங்கிப்போகிறவரைத் தாங்கும் வேர்தான் இன்னும் கிடைக்கவில்லை.