அத்திம்பேர் குடிக்காத மோர்

அத்திம்பேரை நினைத்தால் ஒரு சிறிய காகிதக் கோப்பையும் அதில் தளும்பும் மோரும்தான் முதலில் வருகின்றன. அறுபத்துமூவர் திருவிழா அன்று மயிலாப்பூர் மாடவீதிகளில் நடப்பவர் எவரும் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாது. மோர், பானகம், புளியோதரைப் பொட்டலம், விசிறி என்று பந்தலுக்குப் பந்தல் கைகள் நீளும். அக்காவும் நானும் கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வோம். அக்காவின் கணவரான அத்திம்பேர் மட்டும் பங்குனி வெயிலில் நாக்கு வறண்டு நின்றாலும் நீட்டிய மோரைத் தொட மாட்டார். நிமிர்ந்து, பந்தலுக்கு மேலே கட்டிய பேனரைப் பார்ப்பார். அதில் கைகூப்பிச் சிரிக்கும் முகங்களையும் அவற்றின் கீழிருக்கும் பட்டங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு, "எதுக்குக் குடுக்கறான்னு தெரியாம எப்படி வாங்கறது?" என்பார்.

அவர் சந்தேகம் ஊரோடு ஒத்துப்போகிற சந்தேகமும் இல்லை. எங்கள் தெருவில் அரசாங்க இலவசங்களைத் திட்டாத ஆள் கிடையாது. பெண்களுக்குப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்றதும் நாடே குட்டிச்சுவராகிவிட்டது போலப் பேசினார்கள். அத்திம்பேர் ஒருவர்தான் அதை ஆதரித்தார். அது நம் வரிப்பணம், அதற்காக யாரையும் கும்பிட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். மார்கழியில் இலவசக் கச்சேரிக்கு முண்டியடித்து இடம் பிடிப்பவர்கள் இலவசத்தைப் பழிக்கலாமா என்று கேட்டு, உறவினரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டார். தி.நகரில் ஒரு பயிற்சி மையம் என் மகளுக்குக் கட்டணமில்லாமல் இடம் தந்தபோது நாங்கள் இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனோம். அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு மற்ற பிள்ளைகளிடம் பணம் கறந்துவிடுவான் என்று சொல்லி, இனிப்பைத் தொடாமல் தட்டை நகர்த்தி வைத்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அடுத்த வருடம் பாண்டி பஜாரில் அவள் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியபோது, பயிற்சி மையத்தை விட அத்திம்பேர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறில் சிகிச்சை. பட்டினப்பாக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர்தான் எங்களை வழக்கமாக அழைத்துப் போவார். அறுவைச் சிகிச்சைக்கு முன் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அத்திம்பேருக்கு வயது கடந்திருந்தது. நான் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்து ஏதாவது வேலை இருந்தது. நாங்கள் போனில் கெஞ்சுவதை முன்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்த ஆட்டோக்காரர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு உள்ளே வந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு முழங்கையை மடக்கியபடி வெளியே வந்தவரிடம் அத்திம்பேர் நன்றி சொல்லவில்லை.

"எதுக்குப்பா குடுத்தே?" என்று கேட்டார். எனக்கு உடம்பே கூசியது.

"இன்னா சார் இது? ஆள் வோணும்னாங்கோ. நான் கூடவே நின்னுகினு கீறேன். இதுக்கு ஒரு காரணம் வேற வோணுமா?"

அக்கா பிழைத்து வீடு வந்தாள். நிம்மதியை இழந்தது அத்திம்பேர்தான். பிள்ளைக்கு வேலை, கைமாற்று, சிபாரிசு என்று ஆட்டோக்காரர் எதையாவது கேட்டு வருவார் என வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. வராதது அத்திம்பேரை இன்னும் படுத்தியது. எனக்கு அப்போதுதான் அத்திம்பேர் மேலேயே சந்தேகம் வந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்ற பயத்துக்குத்தான் இந்த மனிதர் இத்தனை நாள் கொள்கை என்று பெயர் வைத்திருந்தாரோ?

அடுத்த பங்குனி, அறுபத்துமூவர் அன்று காலை ஆட்டோக்காரர் வந்து நின்றார். அத்திம்பேர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பாத்தியா, வந்துட்டான்" என்று என் காதைக் கடித்தார். ஆட்டோக்காரர் கேட்டது இவ்வளவுதான். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் சேர்ந்து மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள், ஊற்ற ஆள் பத்தவில்லை, சார் கொஞ்ச நேரம் வந்து நிற்க முடியுமா?

மறுக்க அத்திம்பேருக்கு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரம்முக்குப் பின்னால் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மோர் நீட்டினார். ஒரு பெரியவர் மட்டும் வாங்காமல் பந்தலின் மேலே நிமிர்ந்து பார்த்தார். அங்கே பேனர் இல்லை.

"எந்தக் கட்சி சார்? எதுக்குக் குடுக்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தெரியலை. வெயில் காயறது. குடிங்கோ" என்றார் அத்திம்பேர். பெரியவர் நம்பாமல் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். கையில் மிஞ்சிய கோப்பையோடு அத்திம்பேர் திரும்பி நின்று, அதைத் தானே குடித்தார்.

இப்போது அவர் இல்லை. மகள் படம் தொங்கிய இடத்தில் வேறு பிள்ளைகள் தொங்குகிறார்கள். இந்த வருடமும் அக்காவும் நானும் மாடவீதிக்குப் போனோம். ஒரு பெண் எங்கள் இருவருக்கும் மோர் நீட்டினாள். நான் என்னையறியாமல் நிமிர்ந்து பேனரில் இருந்த பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன். அக்கா தன் மோரைக் குடித்தாள். எனக்கு நீட்டியதையும் வாங்கிக் குடித்தாள்.

"நீ படிச்சுண்டே நில்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்தலை நோக்கி நடந்தாள்.