விளக்கை மட்டும் அணைத்தேன்

சிறுநீரகம் பழுதான நைனாவை, வாரம் இருமுறை திருத்தணியிலிருந்து திருவள்ளூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. காரின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனர் வாங்கிவந்து செருகினேன். மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்றது. கோளாறை விட்டுவிட்டு, விளக்கை அழிக்கும் பட்டனை அமுக்கினேன். அணைந்தது. பெரிய மெக்கானிக் போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் டயாலிசிஸுக்குப் போகும் வழியில், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் கார் உதறிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் நைனாவுக்கு மூச்சு வாங்கியது.

"ரிப்பேர் பண்ணிட்டன்னு சொல்லிகினு இருந்தியே?"

"வெளக்கத்தான் அணைச்சேன், நைனா."

"ஆங். எனக்கும் அப்பிடி ஒரு பட்டன் இருந்தா அமுக்கி உடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டோ கிடைக்க ஒரு மணி நேரமானது. ஆஸ்பத்திரியில் நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பட்டன் பேச்சுதான் அவர் கடைசியாகப் பேசியது.