போறேன், வரேன்

மாதுங்கா சந்திரமௌலி கப்பல் கம்பெனி கிளார்க். ஸ்பெயினிலிருந்து வரும் கடிதங்களுக்காக நாற்பத்தாறு வயதில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தவர், 'போ' என்கிற வினைச்சொல்லிலேயே மாட்டிக்கொண்டு முழித்தார். அந்த ஊரில் யாராவது கூப்பிட்டால் 'வோய்', அதாவது 'போகிறேன்' என்றுதான் குரல் கொடுப்பார்களாம்.

"ஏன்னா, காப்பி ஆறிப்போறது, வாங்கோ!" என்று சமையலறையிலிருந்து மனைவி அபயாம்பாள் கூப்பிட்டாள்.

"போறேன்!" என்றார், புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?"

ஸ்பானிஷ்காரர் வழக்கத்தை அவர் விளக்கினார்.

"வரதைப் போய்ப் போறேன்னு சொல்லுவாளா? பைத்தியக்கார பாஷை!"

காப்பியைக் குடித்துவிட்டு, ஆபீசுக்குக் குடையோடு கிளம்பியவர் வாசலில் நின்று, "அபயம், வரேன்" என்றார்.

"வாங்கோ" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.