இருபத்திரண்டு பொய்ப் பழுதுகள்

லிஃப்ட்காரரே லிஃப்டைக் கெடுக்கிறார், கெடுத்துவிட்டு அதைத் தன் இணையப் பிளாக்கில் எழுதுகிறார் என்று பன்னிரண்டு மாடிக் கட்டிடம் முழுக்கப் பேச்சு. ஏழாம் மாடியில் கிளம்பிய பேச்சு தரைத்தளம் வருவதற்குள் கண், காது, மூக்கெல்லாம் முளைத்து, அவர் பையில் எப்போதும் குறடு இருப்பதே சாட்சியாகிவிட்டது. மெக்கானிக் பையில் குறடு இல்லாமல் சீப்பும் கண்ணாடியுமா இருக்கும்?

ஆனாலும் சரிபார்த்துவிடுவது நல்லது. காவலாளியின் மேஜையில் பழுதுப் பதிவேடு உண்டு. லிஃப்ட் எப்போது நின்றது, எப்போது ஓடியது எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடத்தில் ஒன்பது பழுது. பிளாக்கிலோ அதே கட்டிடத்தில் லிஃப்ட் முப்பத்தொரு தடவை நின்றிருந்தது. மீதி இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது?

வேலைக்குப் போன இடத்தில் நடந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொல்வது லிஃப்ட்காரரின் வழக்கம். "இதையெல்லாம் எங்கயாவது எழுதி வைங்களேன், என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள் அவள் ஒருநாள். மனிதர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். 'மேலும் கீழும்' என்று ஒரு பிளாக் தொடங்கி, தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் "தினமும் ஒரு பதிவு" என்று போட்டார். அந்த மூன்று சொல்தான் வினை.

முதல் மாதம் கை தானாக ஓடியது. மதியம் சாப்பிட்ட கையோடு, மொட்டை மாடி மெஷின் அறையில் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து போனில் தட்டுவார். எடை அலாரம் அடித்ததும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கடைசியாக ஏறியவரைப் பார்க்க, அவர் தன் பையை மட்டும் வெளியே வைத்துவிட்டு நிம்மதியாக நின்ற கதையெல்லாம் அப்போது எழுதியதுதான். வாசகர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மைத்துனர். படிக்காமலே லைக் போடுகிறவர்.

மூன்றாம் மாதம்தான் சிக்கல். இவர் கை வைத்த லிஃப்ட் மறுபடி கெடுவதில்லை. கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தால் எழுத விஷயம் கிடைக்காது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒருநாள் மணி மூன்றாகியும் எந்த லிஃப்டும் மக்கர் பண்ணவில்லை. கட்டைவிரல் சும்மா இருக்குமா? ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி, உள்ளே கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளையை மாட்டிவிட்டார். அன்றைக்கு இருநூறு பேர் படித்தார்கள். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்!

இதெல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்று லிஃப்டுகளின் பராமரிப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அவர் வருமானத்தில் பாதி அந்தக் கட்டிடம்.

"பதிவேட்டுல ஒம்போது, உங்க பிளாக்ல முப்பத்தொண்ணு" என்றார் சங்கச் செயலாளர். "மிச்சம் இருபத்திரண்டும் உங்க கைவரிசையா?"

கெடுத்தேன் என்றால் வேலை போகும். பொய் எழுதினேன் என்றால் மானம் போகும். லிஃப்ட்காரர் மானத்தை விட்டுக்கொடுத்தார்.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடிச்சு சார். நல்லா ஓடினா என்னத்த எழுதறது? அதான் நானே நிறுத்திட்டேன். போன்ல மட்டும்."

"அப்ப அந்த மாப்பிள்ளை?"

"இல்லீங்க."

"கல்யாணம்?"

"அதுவும் இல்லீங்க."

"அடப்பாவி மனுஷா! எங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிக் கண் கலங்கினேனே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாலாம் மாடி தையற்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உள்ள மாட்டிக்கிட்டு நான் ஓன்னு அழுதேன்னு எழுதியிருக்கீங்களே, அழுதேனா? அளவு குடுக்க வர்றவங்கல்லாம் என் கையப் பிடிச்சு ஆறுதல் சொல்றாங்க!"

லிஃப்ட்காரர் அசடு வழிந்தார். லிஃப்ட் நன்றாக ஓடியதற்காக ஒருவரை எப்படி நீக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தம் தப்பியது. நிபந்தனை ஒன்றுதான்: இருபத்திரண்டு பொய்களுக்கும் தினம் ஒன்றாக மறுப்பு எழுத வேண்டும், இனி கற்பனை கூடாது.

எழுத உட்கார்ந்தார். லிஃப்ட் நிற்காத நாளில் என்ன நடந்திருக்கும்? ஏற்கெனவே எரிகிற பொத்தானை இன்னொருவர் வந்து மறுபடி அமுக்கியிருப்பார். இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவருக்காக மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவைப் பிடித்திருப்பார். யூகிப்பானேன் என்று லிஃப்டிலேயே ஏறி நின்று பார்த்து எழுதினார். "இது நல்லாருக்கு" என்றாள் மனைவி. பதினைந்து வருடத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை எதற்கென்று இருவருக்குமே நினைவில்லை.

இருபத்தொன்று முடிந்தது. தையற்காரம்மா பற்றிய கடைசி மறுப்பைப் போடுவதற்கு முன் மரியாதைக்காக அவரிடமே படித்துக் காட்டினார்.

"அழலன்னு மட்டும் போட்டா எப்படி?" என்றார் அந்த அம்மா. "மாட்டியிருந்தா நான் எவ்வளவு தைரியமா இருந்திருப்பேன்? கூட இருந்தவங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி, கதவைத் தட்டி, ஆளைக் கூப்பிட்டு... அதை எழுதுங்க."

"அது கற்பனைம்மா. எழுத மாட்டேன்னு சங்கத்துல சொல்லியிருக்கேனே."

"அழ வைக்கறப்ப மட்டும் கற்பனை வந்துதோ?"

இருபத்திரண்டாவது மறுப்பு இன்னும் வரவில்லை. நாலாம் மாடியில் கதவு திறக்கும்போதெல்லாம், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அந்த அம்மா கேட்கிறார்: "என்ன, இன்னிக்காச்சும் உண்டா?"

"நாளைக்குப் போட்டுடறேம்மா" என்று லிஃப்ட்காரர் அவசரமாகக் கதவு மூடும் பொத்தானை அமுக்குகிறார்.