அண்ணன் நிரப்பிய கைகள்

அன்று பாறையடியில் அய்யன் இருந்தார், அண்ணன் இருந்தான், நான் இருந்தேன். கோயமுத்தூரிலிருந்து என் கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். அம்மா வரவில்லை, கல்லை விற்கும் பேச்சு எழுந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. பாறையை உடைத்தெடுக்க விலை பேசியிருந்த கான்ட்ராக்டரும் வரவில்லை. அவனுக்கு அவசரமில்லை.

எழுபதுகளின் நடுவில், எருத்தேன்பதியில் தொடர்ந்து மழை பொய்த்திருந்த காலம். எங்கள் மானாவாரிக் காட்டின் மூலையில் இருந்த அந்தப் பாறையின் நிழலில்தான் அண்ணன் ஆடு அடைப்பான். கூரைபோல் நீண்டிருந்த அதன் அடிப்பக்கத்தில் மங்கிய செங்காவியில் மான்கள், அவற்றின் மேலேயே வெள்ளையில் குச்சி மனிதர்கள், ஓரத்தில் சில கைகள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரிக்குப் போன பிறகுதான் இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டென்று தெரிந்தது. இப்படிப்பட்ட இடம் பாறை ஒதுங்கிடம். ஒரு படத்தின்மேல் இன்னொன்று வரைந்திருந்தால் அது மேல்வரைவு; அடியில் இருப்பதே மூத்தது. கையை நிறத்தில் தோய்த்து வைத்தால் கைப்பதிவு. வெறுங்கையைக் கல்லில் வைத்து, வாயிலிருந்து காவியைச் சுற்றிலும் ஊதிவிட்டுக் கையை எடுத்தால், நிறமில்லாமல் நிற்கும் அந்த வெற்றிடம் எதிர்க்கை. எங்கள் பாறையில் இருந்தவை எதிர்க்கைகள். நான் அதைச் சொல்லக் கேட்டுத்தான் பேராசிரியர் புறப்பட்டார்.

"பழசுன்னு அவரு எழுதிக் குடுத்தா கான்ட்ராக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடறேன்," என்றிருந்தார் அய்யன். "இல்லீன்னா வித்துப்போட்டு, உங்கொண்ணன் அங்கயே கல்லுடைக்கப் போகட்டும்." ஆடுகளை விட்டுப் போக அண்ணனுக்கு மனமில்லை.

பேராசிரியர் குனிந்து உள்ளே போனார். கைகள் அத்தனையும் புதுக்காவியில் பளபளத்தன.

"இதை யாருப்பா பண்ணினது?"

"நாந்தானுங்க," என்றான் அண்ணன் சிரித்தபடி. "மங்கிக் கெடந்துச்சுங்க, உள்ளார வெறுமையா வேற இருந்துச்சு. பட்டிப்பொங்கலுக்குக் கொட்டாய்ச் செவுத்துல வெக்கறாப்பல, கையைத் தோச்சு ஒண்ணொண்ணுலயும் வெச்சேனுங்க. எல்லாம் எங்கையளவுதானுங்க. கச்சிதமா உக்காந்துச்சு."

மான்களையும் மனிதர்களையும் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவியிருந்தான். கல்லில் செந்நிறக் கறை மட்டும் வழிந்திருந்தது.

"இனி எதைப் பார்த்து நான் எழுதறது?"

"ஏனுங்க, அடியில இருக்கறதுதான் மூத்ததுன்னு பையன் சொன்னானுங்களே?" என்றார் அய்யன்.

"அடின்னு ஒண்ணு மிஞ்சியிருந்தாத்தானே."

காப்பிகூடக் குடிக்காமல் மத்தியான பஸ்ஸில் அவர் திரும்பிவிட்டார்.

"ஊட்டுக்கு வெள்ளையடிடான்னா வருஷம் பூராத் தூங்குவ," என்றார் அய்யன் அண்ணனிடம். "பாறைக்கு எவன்டா உன்னைய அடிக்கச் சொன்னான்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "அவரு கண்ணுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான்டா தம்பி."

அந்த வாரமே கல்லை விற்றோம். அண்ணன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். மருந்து வைத்தும் வெடிக்காமல் நின்றுபோன ஒரு குழியைச் சுரண்டச் சொன்னார்கள், சுரண்டினான். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. கான்ட்ராக்டர் எட்டிப் பார்க்கவில்லை. கல்லுக்கு வாங்கிய எண்ணூறு ரூபாய் ஆஸ்பத்திரிக்குப் போதாமல் ஆடுகளையும் விற்றோம். ஆஸ்பத்திரிச் செலவு ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபாய்.