மூதூர்க் கொப்பி

கோணேஸ்வரிக்கு எழுத வராது; வாய் மட்டும் ஓயாது. திருகோணமலைப் பட்டினத்து அநாதை இல்லமொன்றில் குசினிச் சமையல் அவள் பொறுப்பு. உலகப் போர் நடந்த நாற்பத்திரண்டு ஏப்ரலில் துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாளே, இருபத்திரண்டு பிள்ளைகளையும் வள்ளக்காரர் பக்கீரின் வள்ளத்தில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவர்களுக்குத் தன் வீட்டு நெற்களஞ்சியத்தை ஒழித்துக் கொடுத்தவள் நஜ்முன் நிஸா.

பிள்ளைகள் தப்பினார்கள். யார் எவருடைய பிள்ளை என்று எழுதியிருந்த பதிவேடு மட்டும் இல்லத்தோடு எரிந்துபோயிற்று.

"நாளைக்கு ஆரும் தேடி வந்தா என்னத்தைக் காட்டுறது?" என்றாள் கோணேஸ்வரி.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க அக்கா, நான் ஒரு கொப்பியில எழுதுறன்" என்றாள் நஜ்முன் நிஸா. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்; கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

தலைவாரும்போதும் சோறு போடும்போதும் கோணேஸ்வரி பிள்ளைகளின் வாயைக் கிளறினாள். ஒருத்திக்குத் தகப்பனின் இருமல் நினைவிருந்தது. ஐந்து வயதுச் சிவக்கொழுந்துக்கோ ஓர் ஆட்டின் பெயர்தான் தெரியும்: மகாராணி.

பக்கீர் அதையும் விடவில்லை. வள்ளம் கொண்டுபோன இடமெல்லாம் "மகாராணி எண்டு ஆடு வளர்த்தது ஆரு?" என்று கேட்டுத் திரிந்தார். சனம் சிரித்தது. நாலு மாதம் கழித்துச் சாம்பல்தீவில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அது என்ர அக்காட ஆடு" என்று அழத் தொடங்கினாள். அடுத்த வள்ளத்திலேயே சிவக்கொழுந்தின் சின்னம்மா மூதூரில் வந்து இறங்கினாள்.

போர் முடிந்து மற்றப் பிள்ளைகள் பட்டினம் திரும்பும்போது, கொப்பியில் பத்தொன்பது பேரின் கதை நிறைந்திருந்தது. மூவருடையது கிடைக்கவேயில்லை, அவர்களுக்குப் பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

நன்றி சொல்வதற்கென்று கோணேஸ்வரி மூன்று நாளாகப் பேச்சொன்றை மனதில் கட்டிவைத்திருந்தாள். துறையடிக்கு வந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். கொப்பியை நஜ்முன் நிஸாவிடம் நீட்டினாள்.

"உங்கட பேரையும் பக்கீர் நானாட பேரையும் இதில எழுதுங்கோ."

"எங்கட பேர் என்னத்துக்கு அக்கா? இது பிள்ளையள்ற கதையெல்லோ."

"நீங்கள் இல்லாம இதுகளுக்கு ஏது கதை? வளர்ந்தாப்பிறகு வாசிக்கேக்க தெரியவேணும்."

நஜ்முன் நிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். பக்கீர் எட்டிப் பார்த்தார்.

"எழுதுறதுதான் எழுதுறீங்க, வள்ளத்தையும் சேத்து எழுதுங்க. அதுவும் கஷ்டப்பட்டதுதானே."